வாய மூடு மொதல்ல, பிபி பாக்கணும்

மொதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கணக்கு தட்டுற ஆளு. எனக்கும் ஸ்டெதஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம்னா, போன வருஷம் ஒரு செக்கப்புக்கு போன இடத்துல, லிஃப்ட் வேலை செய்யலன்னு மூணு மாடி படியேறி, மூச்சு வாங்கிக்கிட்டே போய் ஒரு ஸ்டூல்ல உக்காந்தேன், உக்காந்த அரை நிமிஷத்துல முழுக்கை சட்டைக்கு மேலயே பட்டைய சுத்தி, "என்ன வேலை பாக்குறீங்க, தூக்கம் எப்படி, வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா"ன்னு கேட்டுக்கிட்டே காத்தடிச்சு, நானும் மூச்சு விடாம பதில் சொல்லிக்கிட்டே இருக்க, 162/100னு ஒரு துண்டு சீட்டுல எழுதி கையில குடுத்தாங்க. கீழ ஒரு கோடு வேற. "ஹை பிபி."

அடிவயிறு கலங்கிப் போச்சு. அன்னிக்கு ராத்திரி சரியா தூங்கல, தூங்காததால பிபி இன்னும் ஏறும்னு நெனச்சு அதுக்கும் தூங்கல. மறுநாளே ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கிட்டேன். வாங்கின கையோட உக்காந்து பாத்தா 151. சரி இல்லையேன்னு திரும்ப பாத்தா 138. திரும்ப 144. அப்புறம் 129. சந்தோஷத்துல இன்னொரு தடவ பாத்தா 147. பத்து நிமிஷத்துல அஞ்சு ரீடிங், அஞ்சும் அஞ்சு ஆளோட கை மாதிரி. ஒரு நோட்டு போட்டு ஒரு வாரம் இப்படியே எழுதி, அத தூக்கிக்கிட்டு பெரியம்மாகிட்ட போனேன். பெரியம்மா 38 வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. வார்டு, தியேட்டர், பிரசவ ரூம் எல்லாம் பாத்த கை.

நோட்ட புரட்டி பாத்துட்டு, "இது பிபி நோட்டா, சீட்டாட்ட நோட்டாடா?"ன்னாங்க.

அப்புறம் உள்ள போய் ஒரு பழைய பையை எடுத்துட்டு வந்தாங்க. அதுல முள்ளு வச்ச கையால அடிக்கிற பிபி மெஷினும், ரப்பர் கொஞ்சம் வெறைச்சுப் போன ஒரு ஸ்டெதஸ்கோப்பும் இருந்துச்சு. "பாத்ரூம் போயிட்டு வா மொதல்ல." போயிட்டு வந்தேன். "முதுகு சாயற மாதிரி உக்காரு. கால் மேல கால் போடாத, ரெண்டு பாதமும் தரையில இருக்கணும். கைய டேபிள் மேல வை, அந்தப் பட்டை உன் நெஞ்சு உயரத்துக்கு வரணும். இப்ப அஞ்சு நிமிஷம் சும்மா இரு."

நான் சும்மா இருக்கிற ஆளா. "இல்ல பெரியம்மா, அன்னிக்கு அந்த இடத்துல என்னாச்சுன்னா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"வாய மூடு மொதல்ல. பிபி பாக்கணும்."

பேசினா ஏறும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். மூத்திரப் பை நிறைஞ்சிருந்தா ஏறும், முதுகுக்கு சாய்மானம் இல்லன்னா ஏறும், கால் மேல கால் போட்டா ஏறும், காபி குடிச்சு அரை மணி நேரத்துக்குள்ள பாத்தா ஏறும், சிகரெட்டும் அப்படித்தான். பட்டை சின்னதா இருந்து கை பெருசா இருந்தா அதுவும் ஏத்தித்தான் காட்டும், உள்ள காத்து நிறையற அந்தப் பை கைய சுத்தி கிட்டத்தட்ட முக்கால் பங்குக்கு மேல, 80 சதவீதமாவது வரணுமாம். கைய தொங்கப் போட்டாலும் கூடும், ஏன்னா நெஞ்சு மட்டத்துல இருந்து 10 சென்டிமீட்டர் கீழ போனா கிட்டத்தட்ட 8 பாயிண்ட் சேந்துடும், அது வேற ஒண்ணும் இல்ல, அந்த உயரத்துக்கு இருக்கிற ரத்தத்தோட எடை. ஆக அந்த 162ல எவ்வளவு என்னோடது, எவ்வளவு படிக்கட்டோடது, எவ்வளவு சட்டைக்கையோடது, எவ்வளவு என் வாயோடதுன்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. இதுல என்ன கோவம்னா, எனக்கு அந்த நம்பர குடுத்தவங்களுக்கு இது அத்தனையும் தெரியும். தெரிஞ்சும் நேரம் இல்ல. வெளிய முப்பது பேர் நிக்கிறாங்க, ஆளுக்கு அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வைக்க யாருக்கு முடியும்.

பெரியம்மா என் மணிக்கட்டுல நாடிய புடிச்சுக்கிட்டு பம்ப அமுக்கினாங்க. நாடி நின்ன எடத்த பாத்துட்டு காத்த முழுசா எறக்கினாங்க. கொஞ்சம் விட்டு திரும்ப அடிச்சாங்க, இந்தத் தடவ நாடி நின்ன எடத்துக்கு மேல இன்னொரு 30 வரைக்கும். முழங்கை மடிப்புல ஸ்டெதஸ்கோப்ப வச்சு, திருகாணிய நூல் நூலா தளத்தி, கண்ணு முள்ளுலயும் காது வேற எங்கயோவும் இருக்க, ஒரு வார்த்த பேசல. "136. கீழ 86."

இன்னொரு தடவ. "132/84." அவ்வளவுதான், அதோட மூடி வச்சுட்டாங்க.

நான் கேட்டேன், "என்ன பெரியம்மா கேட்டீங்க அதுல?" இவ்வளவு வயசுக்கு எத்தனையோ தடவ எனக்கு பிபி பாத்திருப்பாங்க, ஒரு தடவ கூட நான் இத கேட்டதில்ல. அந்த ஆளு காதுல எதையோ மாட்டிக்கிட்டு எதையோ கேக்குறாங்க, நமக்கு ஒரு நம்பர் வருது, நடுவுல என்ன நடக்குதுன்னு தெரியாமயே பாதி ஆயுசு போயிடுச்சு.

"நீயே கேளு"ன்னு குழாய என் கழுத்துல போட்டாங்க.

மாட்டினேன். ஒண்ணும் கேக்கல. முழங்கைல வச்சேன், நெஞ்சுல வச்சேன், கெணத்துக்குள்ள இருக்கிற மாதிரி ஒரு ஊமை சத்தம். பெரியம்மா சிரிச்சாங்க. திருப்பி மாட்டியிருக்கேன். காதுல சொருகுற அந்த முனை ரெண்டும் நேரா இருக்காது, லேசா சாஞ்சிருக்கும், அது மூக்குப் பக்கம் பாத்து இருக்கணும், ஏன்னா நம்ம காதுக்குழாய் முன்னாடி பாத்துத்தான் உள்ள போகுது. திருப்பி மாட்டினா குழாய் வாய் காது சுவர்ல முட்டிக்கும். சரியா மாட்டினதும் ரூம்ல இருந்த ஃபேன் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் பின்னாடி போயிடுச்சு.

இப்ப முழங்கை மடிப்புல வச்சு பாத்தேன். அப்பவும் ஒண்ணும் இல்ல!

இங்கதான் எனக்கு விஷயமே பிடிபட்டுச்சு. நாடி அடிக்குதே, அந்த சத்தம் கேக்கும்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். கேக்காது. நல்லா திறந்திருக்கிற ரத்தக்குழாய்ல ரத்தம் சத்தமில்லாம வழுக்கிக்கிட்டுப் போகும். முழுசா நசுக்கிட்டாலும் சத்தம் கிடையாது, ஏன்னா ஓட்டமே இல்ல. இந்த ரெண்டு மவுனத்துக்கும் நடுவுல, பாதி நசுங்கி பாதி திறந்து இருக்கிற அந்த நிலைமையில மட்டும்தான் சத்தம். பட்டையோட அழுத்தம் எறங்கிக்கிட்டே வரும்போது, இதயம் ஓங்கித் தள்ளுற அந்த உச்சத்துல மட்டும் ரத்தம் குழாய தட்டித் திறந்து குபுக்னு ஒரு வாய் பாயும், உடனே மூடிக்கும். டொக். அந்த மொத டொக் கேட்ட நேரத்துல முள்ளு எங்க இருக்கோ அதுதான் மேல் நம்பர். இன்னும் எறக்க எறக்க அது டொக்ல இருந்து உஸ்ஸுன்னு மாறும், அப்புறம் திரும்ப தெளிவா டொக் டொக், அப்புறம் திடீர்னு பஞ்சு வச்சு அமுக்கின மாதிரி மங்கும், அப்புறம் ஒண்ணும் இருக்காது. கடைசியா கேட்ட சத்தத்தோட எடம் கீழ் நம்பர், அழுத்தம் அதுக்குக் கீழ எறங்கிட்டா குழாய் எப்பவுமே திறந்தே இருக்கு. சில பேருக்கு, முக்கியமா கர்ப்பமா இருக்கிறவங்க சில பேருக்கு, சத்தம் நிக்கவே நிக்காம பூஜ்யம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்குமாம், அப்ப மங்குற எடத்தையே கீழ் நம்பரா எடுத்துக்குவாங்களாம்.

ஆக 136/86ன்னா, ஒரு ஆளு காத தீட்டிக்கிட்டு உக்காந்து, ஒரு மவுனம் முடிஞ்ச எடத்தையும் இன்னொரு மவுனம் ஆரம்பிச்ச எடத்தையும் குறிச்சது. அவ்வளவுதான் அது. அதுவும் ஒத்தப்படை நம்பரா வராது, ஏன்னா அந்த முள்ளு மெஷின்ல கோடு ரெண்டு ரெண்டாத்தான் போட்டிருக்கும். கையால பாத்தேன்னு சொல்லி யாராவது 137னு எழுதினா அடிச்சு விட்டிருக்காங்கன்னு அர்த்தம். எல்லாருக்கும் 120/80, 130/90, 140/90ன்னு பூஜ்யம் பூஜ்யமா எழுதியிருந்தாலும் அதே கததான். "அவசரத்துல முள்ளு எங்க இருந்தாலும் கண்ணு பூஜ்யத்துலதான் போய் நிக்கும்டா, நானே எழுதியிருக்கேன்"ன்னாங்க பெரியம்மா.

இத கண்டுபிடிச்ச கதையையும் தேடிப் படிச்சேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும். ரத்தத்துக்கு அழுத்தம் இருக்குன்னு மொதல்ல அளந்து காட்டினது இங்கிலாந்துல ஒரு பாதிரியார், ஸ்டீஃபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரைய கட்டிப் படுக்க வச்சு, அதோட ரத்தக்குழாய்ல பித்தளைக் குழாய சொருகி, அதுல நீளமா ஒரு கண்ணாடிக் குழாய நட்டு வச்சாரு. ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்னுச்சு. 1733ல அத புத்தகமா போட்டாரு. பாவம் அந்த குதிரை. நம்ம பிபி நம்பர் எல்லாம் அத்தனை மில்லிமீட்டர் பாதரசம்னுதான் அர்த்தம், அந்த உயரத்த அந்தப் பாதரசக் கணக்குக்கு மாத்திப் பாத்தேன், கிட்டத்தட்ட 190 வருது, கட்டிப் போட்டு கழுத்துல கத்தி வச்சா நமக்கும் அவ்வளவு வரும். பாதரசம் தண்ணிய விட 13.6 மடங்கு கனம், அதனாலதான் ரெண்டரை மீட்டர் உயர சமாச்சாரம் ஒரு சின்னப் பொட்டிக்குள்ள அடங்கிச்சு. இல்லன்னா நம்ம 120க்கே ஒன்றரை மீட்டருக்கு மேல தண்ணிக் குழாய் வேணும், டாக்டர் ஏணி வச்சுத்தான் ரீடிங் பாக்கணும்.

கைய சுத்தி பட்டை கட்டுற யோசனை இத்தாலிக்காரர் ரிவா-ரோச்சியோடது, 1896. ஆனா அவருக்கு காது தேவப்படல, மணிக்கட்டுல நாடி நின்னு திரும்ப வர்ற எடத்த விரலால பாத்தாரு, அதனால மேல் நம்பர் மட்டும்தான் கெடச்சுது. அவர் கட்டினது ரொம்ப ஒல்லியான பட்டை, அது நிஜத்த விட கூட காட்டுதுன்னு 1901ல ரெக்ளிங்ஹவுசன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சு அகலப்படுத்தினாரு. பட்டை அளவு சரியில்லன்னா நம்பர் சரியில்லன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு பாருங்க, இன்னிக்கு வரைக்கும் ஒரே பட்டைய எல்லா கைக்கும் சுத்துற எடங்கள் இருக்கு.

காதுக்கு வேலை குடுத்தது நிகோலாய் கொரட்கோவ். ரஷ்யாவுல சர்ஜன். ஜப்பான் போர்ல குண்டடி பட்ட சிப்பாய்களோட கிழிஞ்ச ரத்தக்குழாய்கள பாத்துக்கிட்டு இருந்தவரு. அடிபட்ட குழாய கட்டிப் போட்டா மத்த சின்னக் குழாய்கள் வழியா ரத்தம் போய் கை கால் பொழைக்குமான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கணும், அதுக்காக நசுக்கின குழாய் மேல ஸ்டெதஸ்கோப் வச்சு கேட்டுக்கிட்டே இருந்தவரு காதுல இந்த டொக் டொக் விழுந்திருக்கு. 1905ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவ அகாடமில போய் சொன்னாரு. அந்த ரிப்போர்ட்டு முழுசுமே முந்நூறு வார்த்தைக்கு உள்ள. நான் ஆபீஸ்ல லீவு கேட்டு எழுதுற மெயிலே அத விட நீளம். அவர் பிபி பாக்க ஒரு மெஷின் கண்டுபிடிக்கணும்னு உக்காரல, ஒரு சிப்பாயோட கைய வெட்டாம இருக்க முடியுமான்னு பாத்துக்கிட்டு இருந்தாரு, கண்டுபிடிச்சதோ நூறு வருஷம் தாண்டியும் ஒவ்வொரு வார்டுலயும் நடக்குற வேலை.

சரி, திரும்ப பெரியம்மா வீட்டுக்கு வரேன். அதுக்கப்புறம் வாரக் கடைசில அங்க போறதே இதுக்குன்னு ஆயிடுச்சு. மொதல்ல பெரியம்மா கைலயே எனக்குப் பழக்கினாங்க. நான் 160 வரைக்கும் அடிச்சு எறக்கினேன், 150ல டொக். "150 பெரியம்மா"ன்னேன் பெருமையா.

"நாடிய புடிச்சியா?"

புடிக்கல.

"புடிச்சுட்டு அடி."

மணிக்கட்டுல விரல வச்சு அடிச்சேன். 160லயும் நாடி அடிக்குது. 170லயும் அடிக்குது. 178 பக்கத்துலதான் நின்னுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்சம் விட்டு 210 வரைக்கும் ஏத்தி மெதுவா எறக்கினா 178ல டொக் கேக்குது, ஒரு நாலஞ்சு டொக், அப்புறம் 168 வாக்குல மொத்தமா நிக்குது, 150ல திரும்ப ஆரம்பிக்குது. நடுவுல ஒரு ஓட்டை. சில பேருக்கு, அதுவும் வயசாகி ரத்தக்குழாய் வெறைச்சுப் போனவங்களுக்கு, இப்படி நடுவுல ஒரு ஊமை எடம் இருக்கும். அந்த ஓட்டைக்குள்ள நின்னுக்கிட்டு எறக்க ஆரம்பிச்சா 178ன்னு இருக்கிற ஆளுக்கு 150ன்னு எழுதி அனுப்பிடுவோம். அதுக்குத்தான் நாடியப் புடிக்கிறது. என் பிபிய பாக்கும்போது பெரியம்மா ரெண்டு தடவ காத்தடிச்சது ஏதோ பழைய காலத்து வழக்கம்னு நான் நெனச்சிருந்தேன். அன்னிக்கு அவங்க மாத்திரை போடாம விட்டு ரெண்டு நாள் ஆயிருந்துச்சுன்னு அப்புறம் ஒத்துக்கிட்டாங்க, நர்ஸுங்க மாதிரி மோசமான பேஷன்ட்டு யாரும் கெடையாது.

கை முடிஞ்சதும் நெஞ்சுக்கு வந்தோம். இதுல நான் மொத்தமா விழுந்துட்டேன்.

ஸ்டெதஸ்கோப்போட பொறப்பே ஒரு சங்கடத்துலதான். 1816, பாரிஸ், ரெனே லென்னெக்னு ஒரு டாக்டர். இதய நோய் மாதிரி இருக்கிற ஒரு இளம் பெண். அப்ப நெஞ்சு சத்தம் கேக்கணும்னா டாக்டர் காத நேரா நெஞ்சு மேல வைக்கணும், வயசுப் பொண்ணு கிட்ட அது முடியாது. விரலால தட்டிப் பாக்குற முறை ஒண்ணு இருந்துச்சு, வியன்னால ஆவன்ப்ருகர்னு ஒருத்தர் 1761லயே எழுதி வச்சது. அவரோட அப்பா சத்திரம் நடத்தினவரு, பீப்பாய்ல எவ்வளவு இருக்குன்னு தட்டிப் பாத்து சொல்ற வித்தைய பையன் நெஞ்சுக்கு கொண்டு வந்துட்டாருன்னு சொல்லுவாங்க. ஆனா அந்தப் பொண்ணு உடம்பு கனத்த உடம்பு, தட்டினாலும் ஒண்ணும் தெரியல. அப்ப லென்னெக்குக்கு ஞாபகம் வந்தது, நீளமான மரக்கட்டையோட ஒரு முனையில குண்டூசியால கீறினா மறு முனையில காது வச்சவனுக்கு தெளிவா கேக்கும்ங்கிறது. பேப்பர் கட்ட எடுத்து இறுக்கமா சுருட்டி ஒரு முனைய நெஞ்சுலயும் ஒரு முனைய காதுலயும் வச்சாரு. நேரா காது வச்சு கேட்டத விட தெளிவா கேட்டுச்சு. அந்த மனுஷன் புல்லாங்குழல் வாசிக்கிறவரு வேற, அதனாலயோ என்னமோ அப்புறம் மரத்துல கடைஞ்சு அவரே உருளை செஞ்சுக்கிட்டாரு. ஒத்தக் காதுக்குத்தான் அது, ரெண்டு காது மாடல் வர 1850கள் ஆச்சு. லென்னெக் 1826ல காசநோய்ல செத்துப் போனாரு, 45 வயசுல. எத்தனையோ நெஞ்சுல அவர் கேட்டுக் கேட்டு எழுதி வச்ச அதே நோய்.

இப்ப லப்-டப்புன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களே, அது வால்வு திறக்கிற சத்தம்னு நெனச்சுட்டு இருந்தேன். இல்லையாம், மூடுற சத்தம். நல்ல வால்வு திறக்கும்போது சத்தமே போடாது. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு வால்வும் மூடினா லப், வெளிய போற வழியில இருக்கிற ரெண்டும் மூடினா டப். கையில பாத்த கததான் இங்கயும், தடங்கல் இல்லாம ஓடுற வரைக்கும் ஒண்ணும் கேக்காது.

அக்கா பொண்ணுக்கு ஒம்பது வயசு, பெரியம்மா வீட்லயே தான் கெடக்கும். அவள உக்கார வச்சு நெஞ்செலும்புக்கு இடப் பக்கம், மேல இருந்து ரெண்டாவது இடுக்குல வைக்கச் சொன்னாங்க. "டப்ப மட்டும் கேளு. லப்ப விட்டுடு." எப்படி விடுறது, ரெண்டும் சேந்துதான வருது. ரெண்டு நிமிஷம் தவிச்சேன். "பாப்பா, மெதுவா மூச்ச இழு." இழுத்தா. அப்ப கேட்டுச்சு. டப்புன்னு இருந்தது ட்-டப்புன்னு ரெண்டா பிரிஞ்சுது. மூச்ச விட்டா திரும்ப ஒண்ணாயிடுச்சு. இழுத்தா ரெண்டு, விட்டா ஒண்ணு. மூச்ச இழுக்கும்போது நெஞ்சுக்குள்ள கூடுதலா ரத்தம் வலப் பக்க அறைக்கு வருது, அத தள்ளி முடிக்க கொஞ்சம் நேரம் கூட ஆகுது, அதனால நுரையீரல் பக்கத்து வால்வு ஒரு இம்மி தாமதமா மூடுது. எவ்வளவு தாமதம்னா ஒரு விநாடிய நூறா பிரிச்சா அதுல மூணு நாலு பங்கு. அந்த மூணு நாலு பங்க என் காது புடிச்சுது. நான் கத்தினதுல பாப்பா பயந்து, "எனக்கு என்ன ஆச்சு மாமா"ன்னு அழ ஆரம்பிச்சிடுச்சு, பெரியம்மா என் தலையில ஒண்ணு போட்டாங்க. ஒருத்தர் நெஞ்சுல குழாய் வச்சிருக்கும்போது மூஞ்சில எதையும் காட்டக் கூடாதுன்னு பாடமாம்.

நுரையீரல் பக்கம் வேற மாதிரி. முதுகுல வச்சு, வாயால மூச்சு விடச் சொல்லி, மேல இருந்து கீழ, இடது ஒண்ணு வலது ஒண்ணுன்னு மாத்தி மாத்தி கேக்கணும், ஏன்னா நம்ம நுரையீரலுக்கு ஒப்பிட்டுப் பாக்க பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு. டாக்டர் ஏதோ இங்கயும் அங்கயும் வைக்கிறாருன்னு நெனச்சது எவ்வளவு தப்பு. உள்ள நீர் கோத்திருந்தா ஒரு நறநறப்பு கேக்கும், அது எப்படின்னு கேட்டேன், என் காதுக்கு மேல இருக்கிற நாலு முடிய ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு காதுக்கிட்டயே உருட்டினாங்க. அதேதான், நீங்களும் இப்ப உருட்டிப் பாருங்க. ஒட்டிக் கெடந்த சின்னச் சின்ன காத்துக்குழாய்கள் மூச்ச இழுக்கும்போது பட்பட்னு பிரியற சத்தம். நெஞ்சுல முடி இருக்கிற ஆம்பளைங்களுக்கு குழாய் உரசியே இதே சத்தம் வரும்ங்கிறதால முடிய நனைச்சுட்டு கேப்பாங்களாம்! நிமோனியால நுரையீரல் ஒரு பகுதி இறுகிப் போச்சுன்னா, அந்த எடத்துல குழாய் வச்சு ஆள "ஈ"ன்னு சொல்லச் சொன்னா நமக்கு "ஏ"ன்னு கேக்கும். ஆளு ரகசியமா பேசினா நல்ல நுரையீரல் அத முழுங்கிடும், இறுகின நுரையீரல் அப்படியே காதுல ஒப்பிக்கும்.

இதெல்லாம் சொல்லிட்டு பெரியம்மா சொன்ன ஒண்ணு எனக்கு ராத்திரி வரைக்கும் மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. "இளைப்பு வந்த ஆளு விசில் மாதிரி சத்தம் போட்டுட்டு இருக்கும். திடீர்னு சத்தம் நின்னுடும். கூட இருக்கிறவங்க அப்பாடான்னு உக்காருவாங்க. நாங்க அப்பதான் ஓடுவோம்." விசில் அடிக்கவாவது காத்து போகணும். அதுவும் போகலன்னாதான் சத்தம் நிக்கும். இதயத்துல கேக்குற இரைச்சலுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, சின்ன ஓட்டை பெரிய சத்தம் போடும், பெரிய ஓட்டை சில சமயம் அமைதியா இருக்கும். சத்தத்தோட அளவ வச்சு நோயோட அளவ சொல்லிட முடியாது.

என் டிஜிட்டல் மெஷின் என்ன கேக்குதுன்னு அப்புறமாத்தான் யோசிச்சேன். அது ஒண்ணும் கேக்கல! உள்ள மைக் எல்லாம் கிடையாது, பெரும்பாலான மெஷின் அப்படித்தான். பட்டைக்குள்ள இருக்கிற காத்து ஒவ்வொரு நாடிக்கும் லேசா அதிரும், அந்த அதிர்வு எங்க அதிகமா இருக்கோ அது கிட்டத்தட்ட சராசரி அழுத்தம், அதுல இருந்து மேல் நம்பரையும் கீழ் நம்பரையும் அந்தந்த கம்பெனி வச்சிருக்கிற ஒரு கணக்குப் போட்டு சொல்லுது. பெரியம்மாகிட்ட இத விளக்கினேன். "அப்ப அது தொட்டுப் பாத்து குத்துமதிப்பா சொல்லுதுன்னு சொல்லு"ன்னாங்க. அவ்வளவு மட்டமாவும் பேசக் கூடாது. முறையா சோதிச்சு தேறின மெஷின் நல்லாவே வேலை செய்யும், அதுக்கு அவசரம் கிடையாது, பூஜ்யத்து மேல பாசம் கிடையாது, வெளிய முப்பது பேர் நிக்கிறாங்கன்னு தெரியாது. நாடி தாறுமாறா அடிக்கிறவங்களுக்குத்தான் அது தடுமாறும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்ற அந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணுக்கு மூணு தடவ பாக்கணும். பாதரச மெஷின் போறதுலயும் எனக்கு வருத்தம் இல்ல, 2013 மினமாட்டா ஒப்பந்தப்படி உலகம் பூரா அத ஒழிச்சுக்கிட்டு வராங்க, உடைஞ்சா வார்டு தரையில உருண்டு ஓடுற அந்த வெள்ளி உருண்டைங்கள பேப்பரால கூட்டி அள்ளினவங்க பெரியம்மா, அவங்களே போகட்டும்னுதான் சொல்றாங்க.

என் கதை என்னாச்சுன்னா, வேற ஒரு டாக்டர் கிட்ட போனேன். அவர் என் சீட்டாட்ட நோட்ட பாத்து சிரிக்கல. ஏழு நாள், காலையில ரெண்டு தடவ, சாயங்காலம் ரெண்டு தடவ, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் விட்டு எழுதுங்க, மொத நாள் ரீடிங்க தூக்கிப் போட்டுட்டு மீதிக்கு சராசரி பாப்போம்னாரு. அதோட 24 மணி நேரம் கையிலயே கட்டிக்கிற ஒரு மெஷினும் குடுத்தாரு, ராத்திரி தூக்கத்துல அரை மணிக்கு ஒரு தடவ கைய இறுக்கி எழுப்புற சனியன். தூங்கும்போது பிபி எறங்கணும், எறங்கலன்னா அது தனி விஷயம், அதுக்குத்தான் ராத்திரி பூரா பாக்குறது. வீட்டு சராசரி 133/83 வந்துச்சு. வீட்ல பாக்குறதுக்கு 135/85 கோடு, ஆஸ்பத்திரில பாக்குறதுக்கு ரொம்ப நாளா 140/90, 2017ல அமெரிக்காக்காரங்க அத 130/80னு எறக்கிட்டாங்க, அதுக்கு இன்னும் சண்டை ஓடுது. ஆக நான் ஒரு கணக்குல தப்பிச்ச ஆளு, இன்னொரு கணக்குல மாட்டின ஆளு. வெள்ளக் கோட்டு போட்ட டாக்டர பாத்தா மட்டும் எகிறுற வகையாம். அது ஒண்ணும் இல்லன்னு விட்டுட முடியாது, இப்படி இருக்கிறவங்க கொஞ்சப் பேர் பின்னாடி நிஜமாவே பிபிக்கு வந்துடுறாங்க, எடைய குறைங்க, உப்ப குறைங்க, ஆறு மாசத்துல வாங்கன்னாரு. மாத்திரை இல்ல இப்போதைக்கு.

மாசத்துக்கு ரெண்டு தடவ இப்பவும் பெரியம்மாகிட்ட பாத்துக்கிறேன். இப்ப பெரியம்மாவுக்கு காது மந்தமாயிட்டு வருது. போன் அடிச்சா தெரியல, குக்கர் விசில் தெரியல, பாப்பா பேசினா "என்னடி கீச்கீச்சுங்குற"ங்கிறாங்க. நான் பயந்தேன், இவங்க இனி எப்படி கேப்பாங்கன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, வயசாகும்போது மொதல்ல போறது கீச்சுக் குரல்தான், அடித்தொண்டைச் சத்தம் கடைசி வரைக்கும் ஓரளவு நிக்கும். கையில கேக்குற டொக்கும் நெஞ்சுல கேக்குற லப்-டப்பும் ரொம்ப கீழ இருக்கிற சத்தம்.

போன ஞாயித்துக்கிழம அவங்களுக்கு டிஜிட்டல் மெஷின்ல பாத்தேன். காத்து எறங்கி, நம்பர் வந்து, பீப் பீப் பீப்னு அது கத்துது. பெரியம்மா முதுக சாய்ச்சு, பாதம் ரெண்டையும் தரையில வச்சு, வாய இறுக்க மூடிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காங்க. அது முடிஞ்சது அவங்களுக்குத் தெரியல. தோள தொட்டு, முடிஞ்சுடுச்சு பெரியம்மான்னேன்.

"சரி, நீ கைய காட்டு"ன்னாங்க. குழாய மாட்டி, நாடியப் புடிச்சு, அடிச்சு, எறக்கி, மறுபடி அடிச்சு, நூல் நூலா எறக்கினாங்க. "134. கீழ 82. எழுதிக்க."

எழுதிக்கிட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு மெஷின்ல பாத்தப்ப 137/81னு வந்துச்சு, நோட்டுல அதுக்கு தனியா ஒரு பத்தி இருக்கு, அதுல எழுதினேன்.